சவுக்குப் பட்டை தின்ற பூச்சி

எண்ணூர்ச் சவுக்குத் தோப்பை விட்டு நாங்கள் மூவரும் கடலோர மணலில் தெற்கே நடந்துகொண்டிருந்தோம். தோப்புக் காவல்காரர் தலையில் பாத்திர மூட்டை. நிறைமாதமாக இருந்த அவர் மனைவி அடிக்கடி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கே விறகு வெட்டியவன். பிள்ளை பிறக்கும்வரை தோப்புக் குடிசையில் இருக்க விட்டால் போதும் என்றுதான் அவர்கள் தோப்புக் குத்தகைக்காரரிடம் கேட்டார்கள். அது நடக்கவில்லை.

சில மாதங்களாகவே மரங்களில் பட்டை திட்டுத் திட்டாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. சவுக்குப் பட்டையை வேகவைத்து மீனவர்கள் வலைக்குச் சாயம் ஏற்றுவார்கள். அதனால் குத்தகைக்காரரின் சந்தேகம் காவல்காரர்மேல் விழுந்தது.

“பட்டைய வலைக்காரனுக்கு வித்துட்டு எங்கிட்டயே கதை வுட்றியா? எவன் எடுத்தான்னு காட்டு. இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணு.”

காட்டினால் இருக்கலாம் என்று புரிந்துகொண்டோம்.

கிளை பிரியும் இடங்களில் பழுப்பு நாடா போல ஏதோ ஒட்டியிருந்தது. கத்தியால் கிளறினேன். பட்டைத் தூளையும் எச்சத்தையும் நூலால் பின்னிப் புழு போட்ட கூரை அது. அதன் கோடியில் மரத்துக்குள் ஒரு துளை. பகலில் புழு துளைக்குள் கிடக்கும். இருட்டியதும் கூரைக்கு அடியிலேயே வந்து பட்டையைத் தின்னும். அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

புழுவைக் காட்டினோம். “இத்தினியூண்டு புழு இவ்ளோ துன்னுமா?” என்று குத்தகைக்காரர் சிரித்தார்.

துளையுள்ள கட்டை ஒன்றை அறுத்து, பழைய புடவைத் துணியில் சுற்றிக் குடிசையில் வைத்தோம். வைகாசி வெயிலில் அதிலிருந்து ஒரு சிறிய அந்துப்பூச்சி வந்தது. சாம்பல் வெள்ளைச் சிறகில் துருப் புள்ளிகள். பட்டையில் உட்கார்ந்தால் தெரியவே தெரியாது. எதையும் தின்னவில்லை. விரிசல்களில் முட்டையிட்டுவிட்டுச் சில நாளில் செத்தது.

“வாயே இல்ல பாரு. எங்க வூட்டு ஆளாட்டமே கீது” என்றார் காவல்காரரின் மனைவி.

அது விட்டுப்போன வெறும் கூடு துளையில் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு தோப்பில் எந்த மரத்தைப் பார்த்தாலும் அதே கூடுதான்.

கூட்டைக் காட்டக் கூப்பிட்டதும் குத்தகைக்காரர் வந்து மரம் மரமாகத் தொட்டுப் பார்த்தார். அன்று சிரிக்கவில்லை. “காத்து அடிச்சா அல்லாம் முறிஞ்சிடும். அதுக்கு முன்ன வெட்டிடணும்” என்றார். வெட்டை மொத்தமாக ஒரு மேஸ்திரிக்கு விட்டதில் என் வேலையும் போனது. காவல்காரரிடம், “மரமே இல்லாத எடத்துக்குக் காவல் இன்னாத்துக்கு?”

திருவொற்றியூர் தாண்டும்போது காவல்காரர் கேட்டார். “காட்டாமயே வுட்ருக்கலாமா நைனா?”

“அப்பவும் இதே மணல்லதான் மாமு நடந்திருப்போம்.”

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் அவர் மனைவியின் அக்கா வீடு. ஒரே அறை, அதில் ஏற்கெனவே எட்டுப் பேர். “ரெண்டு நாளு இருங்க, அப்பால பாக்கலாம்” என்றார் அக்கா. நான் ரயில் நிலையத்தில் படுத்துக்கொண்டேன்.

காலையில் கொருக்குப்பேட்டையில் விறகு அடுக்கி விற்கும் தொட்டியில் அதே தோப்புக்கு அந்த மேஸ்திரி ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். கோடாலிக்கு ஆள் நிரம்பிவிட்டது. வெட்டிய மரத்தில் மிஞ்சிய பட்டையை வலைக்காரர்களுக்கு விற்கக் குத்தகைக்காரர் பேசி முடித்திருந்தார். அதை உரிக்கும் வேலையில் சேர்ந்தேன்.