கிருபாவின் சிங்கிள் காயில் கிட்டார்

ம்ம்ம்ம்ம்... என்று ஓயாத ஓர் இரைச்சல். பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி. கூடவே, மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பதனிட்ட தோலின் வாசம்.

எங்கள் பேண்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த இரண்டும்தான். பாட்டெல்லாம் அப்புறம்.

ஆம்பூரில் இம்ரானின் மாமாவுக்கு ஒரு தோல் குடோன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதுதான் எங்களுக்கு ஸ்டுடியோ. சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கிய தோல் கட்டுகள் சத்தத்தைக் குடித்துவிடும், தெருவுக்கு அவ்வளவாகக் கேட்காது. இம்ரான் டிரம்ஸ். கிருபாகரன் கிட்டார். நான் பாட்டு... பாட்டு என்றால், தொண்டை கிழியக் கத்துவது. வேலூரில் நர்ஸிங் படித்துக்கொண்டு, சர்ச் கொயரில் அடக்கமாகப் பாடிக்கொண்டிருந்த ஜெனியேதான். இப்போது என்னோடு வார்டில் வேலை பார்ப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

கிருபா மாதனூர்க்காரன். அவன் கிட்டார், ஒரு சர்ச்சில் பழசாகிவிட்டது என்று ஒதுக்கியதை வாங்கியது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். கம்பியின் அதிர்வை, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்குக் கொண்டுபோவது அதுதான். எங்களை மாதிரி மெட்டல் என்கிற அதிரடி ராக் வாசிக்கிறவர்கள் இரட்டைச் சுருள் பிக்கப் வைத்துக்கொள்வார்கள். ஹம்பக்கர் என்பார்கள். இரைச்சல் இல்லாமல் கனமாக வரும். கிருபாவிடம் இருந்தது சிங்கிள் காயில். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றினால் கிட்டாரைவிட இரைச்சல்தான் ஜாஸ்தி.

"இன்னாடா இது, கிரைண்டர் ஓடுதா, பாட்டு ஓடுதா?" என்பான் இம்ரான்.

"இருடா, நின்ன எடம் சரியில்ல."

கிருபா நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவான். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் பாதியாக அடங்கும். அந்தத் திசையில் எப்போதும் சுவர்தான் இருக்கும். இரைச்சலைக் கூட்டுகிற டியூப் லைட்டையும் அணைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே வாசிப்பான்.

காட்பாடியில் ஒரு காலேஜ் போட்டிக்குப் போனோம். மேடை விளக்குகளுக்குக் கீழே கிட்டார் அலறியது. இவன் திரும்பித் திரும்பி, கடைசியில் மொத்தக் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டி நின்றுவிட்டான்.

"டேய், இந்தப் பக்கம் திரும்புடா!" என்று ஒரே கத்தல், சிரிப்பு.

அப்போதுதான் பாட்டைத் தொடங்கி வைக்கும் ரிஃப்பை அடித்தான். அவ்வளவு டிஸ்டார்ஷனிலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. சிரிப்பு நின்றுபோனது. எங்களுக்குப் பரிசு எதுவும் இல்லை. ஆனால் சவுண்ட் பார்த்தவர் தேடி வந்து, "சிங்கிள் காயில்லயா இத வாசிச்ச? கத்தி மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கிருபாவுக்கு வாய் மூடவில்லை. "அடுத்த வாட்டி ஹம்பக்கர் கிட்டார் வாங்கிடுறேன். கூட்டத்தப் பாத்து நின்னு வாசிக்கிறேன், பாருங்க."

அதற்காகத்தான் ஷூ கம்பெனியில் சேர்ந்தான். சோலுக்குப் பசை தடவுகிற செக்‌ஷன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் வாசத்தையும் மீறி அவன் சட்டையில் பசை வாடை அடிக்கும்.

"தல சுத்துது ஜெனி. பழகிடும்ங்கறாங்க."

பழகவில்லை... சில மாதங்களில் நோட்டுகளைத் தவறவிட ஆரம்பித்தான். கண்ணை மூடி வாசிக்கிறவன், விரலைப் பார்த்துப் பார்த்து வாசித்தான். ஒரு நாள் இம்ரான் பாதிப் பாட்டில் டிரம்ஸை நிறுத்திவிட்டான்.

"டேய், கையில ரத்தம்டா!"

"எங்க?" என்று கேட்டான் கிருபா.

நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நரம்புகளைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "விரல் மரத்துப்போறதுக்குப் பசையில இருந்து வர்ற ஆவிதான் காரணம். வேலைய விட்டாத்தான் இது நிக்கும்." கம்பெனியில் வேறு செக்‌ஷன் கேட்டான். "மத்தவங்களுக்கு வராதது உனக்கு மட்டும் எப்டி வந்துச்சு?" என்றார் சூப்பர்வைசர். அதோடு சரி.

அவன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. சட்டென்று விட முடியவில்லை. காலில் இருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போகிற அளவுக்கு வந்தபிறகுதான் விட்டான். கால் மெல்லத் தேறியது. விரல் தேறவில்லை.

எனக்கு வேலை கிடைத்ததும் நானும் இம்ரானும் சேர்ந்து ஒரு ஹம்பக்கர் கிட்டார் வாங்கி, குடோனுக்கு அவனை வரவழைத்தோம். ஆம்ப்பில் சொருகினான். இரைச்சலே இல்லை. முதல்முறையாக எங்களைப் பார்த்து நின்று வாசித்தான். கொஞ்ச நேரம்தான்... நிறுத்திவிட்டு, கிட்டாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுக்க முயன்றான். அது விரலில் சிக்கவில்லை. இம்ரான் இழுத்து மூடினான்.

"நல்லா இருக்கு ஜெனி. ஆனா எங்க அழுத்துறேன்னே தெரியல. வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்தது அன்றைக்குத்தான் கடைசி.

இம்ரான் இப்போது துபாயில். குடோன் இருந்த இடத்தில் மொபைல் கடை. நான் வார்டில் யாருக்கும் கேட்காத குரலில் பேசுகிறேன். இன்றைக்குப் பிள்ளைகள் கிட்டாரை நேராக லேப்டாப்பில் சொருகுகிறார்கள், ஒரு க்ளிக்கில் இரைச்சல் போய்விடுகிறது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்த்து நிற்கலாம். பார்க்கும்போது சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிகிறது.

போன மாதம் மாதனூரில் கிருபாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறான். பாட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் மனைவி செல்வி இரண்டு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கிருபா ஒன்றை எடுத்துக் கையில் பிடித்தபடி, என் ஷிஃப்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். உள்ளிருந்து எட்டிப் பார்த்த செல்வி ஓடி வந்தாள்.

"ஐயோ, சுடுதுங்க! கீழ வைங்க!"

நான் அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கினேன். பிடிக்க முடியாமல் உடனே கீழே வைத்துவிட்டேன். அவன் விரல்கள் சிவந்திருந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"ரொம்ப சூடா இருக்குதா ஜெனி?"