கூரையில்லாத வீட்டில் புகை

ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்யும் அவனுக்குத் 'துப்பு' என்று பட்டப்பெயர் வைத்ததே அவன் அக்காதான். தாள் எந்த உருளையில் சிக்கியிருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவான். அந்தத் திமிர் வீட்டுக்கு வந்தபிறகும் இறங்காது. வீடியோ கேம் கதைகளில் உள்ள முடிச்சுகளை அவிழ்த்து வீடியோ போடுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. பார்ப்பவர்கள் சில ஆயிரம் பேர். அவன் பேச்சைக் கேட்டால், ஊர் உலகமே காத்துக் கிடக்கிறது என்று தோன்றும்.

அக்கா அவனோடுதான் இருந்தாள். அவள் புருஷன், லாரி ஓட்டிய மாமா, வெள்ளத்தோடு போய் மூன்று வருடம் ஆகிறது. லாரி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவர் பாதியில் விட்ட கேமை அக்கா கையிலெடுத்தாள். அதில் ஒரு தீவு, கலங்கரை விளக்கத்துக்கு ஒரு காவலன். அவன் கல்லறை கரையோரம் இருக்கிறது. ஆனால் தினமும் விடிந்ததும் அவன் வீட்டுக்கு மேலே புகை கிளம்பும். செத்தவன் எப்படி அடுப்பு மூட்டுவான்? கேமைச் செய்தவர்கள் வாயே திறக்கவில்லை.

"கல்லறை காலிடா. ஆளு உசுரோட எங்கயோ இருக்கான்" என்பாள் அக்கா.

"செத்தவன் செத்தவன்தான்க்கா. நீ வேணா பாரு, ஒருநாள் நிரூபிக்கிறேன்."

"கிழிச்சே, போ!"

சாப்பாட்டு நேரம் முழுக்க இந்தச் சண்டைதான். அவள் வாய்விட்டுச் சிரித்ததும் அப்போது மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடை கிடைத்தது. வேறு எவனாவது முந்திவிடுவானோ என்ற பதற்றத்தில், அக்காவிடம்கூடச் சொல்லாமல் வீடியோவைப் போட்டுவிட்டான். தீவின் கோடியில் இடிந்த வீடு ஒன்று. கூரையே கிடையாது. அதற்கு மேலேயும் காலையில் அதே புகை, அதே வளைவு, வெறும் காற்றிலிருந்து கிளம்புகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே புகைச் சித்திரத்தை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரகசியமும் இல்லை, மண்ணும் இல்லை. காவலன் செத்துத்தான் போனான்.

பாராட்டுகள் குவிந்தன. போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். அக்கா ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தாள்.

"அப்போ அந்தப் புகை சும்மாதானா?"

"சும்மாதான்க்கா! எவன் கண்ணுலயும் படல பாரு, நான்தான்..."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் அவள் யாருக்காக மல்லுக்கு நின்றாள் என்பது அவன் மண்டையில் உறைத்தது. ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு, இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று கூசிப்போனான்.

"இல்லக்கா, இது சும்மா என் ஊகம். தப்பாக்கூட இருக்கலாம்."

"நீ தப்பா சொல்ல மாட்டே."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அங்கேயே நின்று வீடியோவை அழித்தான். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை, பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டாள். அன்று சாப்பாட்டில் சண்டையே இல்லை.

மறுநாள் காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் மாமாவின் ஷூ இருந்தது. பாலிஷ் போட்டு, புது லேஸ் கோத்து வைத்திருந்தாள்.

"உனக்கும் அவருக்கும் ஒரே சைஸ்தானே. சும்மா கிடக்குது, போட்டுக்கோ."

குனிந்து காலை நுழைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது.