சத்தம் வராத ஞாயிற்றுக்கிழமைகள்

அப்பா சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலர் ஓட்டியவர். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. அங்கே எல்லாரும் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அவருக்குக் காது மந்தமான பிறகு எங்கள் லயத்து வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. "உங்க வீட்ல சண்டை போட்டாக்கூட எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல" என்று பக்கத்து வீட்டு அத்தை குறைபட்டுக்கொள்வார்.

அக்கா கல்யாணமாகி மஸ்கட் போனாள். அங்கே ஒரு மகன் பிறந்தான். அப்பாவுக்குப் புதுக் காது மிஷின் வாங்கி அனுப்பியதும் அவள்தான். போனில் வரும் சத்தம் ப்ளூடூத் வழியாக நேரே காதுக்குள் போய்விடும். ஆனால் அவருக்கு உதடும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் போனைத் தொடவே மாட்டார். போன் திரையில் உதடு அரிசி அளவுதான். அதனால் வீடியோ கால் எல்லாம் என் பழைய லேப்டாப்பில். அதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் தவிர வேறெதுவும் ஓடாது. மிஷின் அதோடு சேரும், 'கனெக்டட்' என்று காட்டும், சத்தம் மட்டும் போகாது. போனை மனதில் வைத்துச் செய்த மிஷின் அது. லினக்ஸிலும் அதைப் பேசவைக்க எங்கோ சிலர் தங்கள் ஓய்வு நேரத்தில் ஒரு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பிடித்து நானும் அவர்கள் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

அப்பாவுக்கு ஒரே ஆசை, பேரன் குரலைக் கேட்க வேண்டும். பெரியவர்கள் பேச்சை உதட்டில் படித்துவிடுவார். மழலையை எப்படிப் படிப்பது?

சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே அந்த ப்ரோகிராமோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிழை எதுவும் காட்டாமல் ஓடியது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் மாமியாரின் சர்க்கரை, அங்கத்து வெயில், எங்கள் மழை என்று அவள் சொன்னதற்கும் கேட்டதற்கும் அப்பா டக் டக்கென்று பதில் சொன்னார். சத்தம் அவர் காதுக்குள் போவதால் எனக்கு ஒன்றும் கேட்காது. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் முடிவதற்குள்ளேயே குழுவில் 'ஓடுகிறது' என்று எழுதிவிட்டேன்.

அப்புறம் அக்கா மகனைத் தூக்கி வந்தாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்தான். அப்பா திரையை உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தாயி, இவன் அழுவுதானா, சிரிக்கானா?"

சத்தத்தை லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாற்றினேன். குழந்தையின் சிரிப்பு தகரக் கூரை வரை போனது; அப்பாவின் மிஷினில் அது வெறும் இரைச்சலாகத்தான் விழுந்தது. இவ்வளவு நேரம் நீ சத்தமாகத்தானே பேசினாய் என்று அக்காவைக் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"அப்பாட்ட யாருட்டி சத்தமாப் பேசுவா?"

குழுவில் 'ஓடவில்லை' என்று திருத்தி எழுதினேன். விவரம் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு பதிலே இல்லை. சம்பளமா வாங்குகிறார்கள், யாரைக் கேட்பது? ஞாயிறுதோறும் அக்கா மகனை மடியில் வைத்துக்கொண்டு உதட்டாலேயே அப்பாவிடம் பேசினாள். மழை போய்ப் பனி இறங்கியது. அவன் நடக்கப் பழகியிருந்தபோது குழுவிலிருந்து அப்டேட் வந்தது.

இந்த முறை நான் ஏமாறவில்லை. முதலில் ஒரு பாட்டைப் போட்டேன். அப்பா துள்ளி, காதைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து போய்த் தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். "அப்பா" என்று குரல் கொடுத்தே கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன் குரல் இப்படியா இருக்கும்?" என்றார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனை முன்னால் நிறுத்தினாள்.

தாத்தாவைக் கண்டதும் அவன் திரைக்கு வெகு அருகில் வந்தான். உதட்டைக் குவித்தான், விரித்தான், மறுபடி குவித்தான். நிதானமாக, அழகாக, சத்தமே இல்லாமல்.

சத்தமாகச் சொல்லுடா, தாத்தாவுக்குக் கேட்கும் என்று அக்கா கெஞ்சினாள். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, உதட்டை இன்னும் பெரிதாக அசைத்தான். அக்கா பேச்சை நிறுத்தியதும், சத்தம் வந்தால் ஏறி இறங்கும் கோடு என் திரையில் அசையாமல் கிடந்தது.

அப்பா மிஷினைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டே வெகுநேரம் பார்த்தார்.

"உங்கக்கா பேசுதது நல்லாக் கேக்கு தாயி. இவனோடதுதான் இன்னும் வரல. என்னன்னு பாரு."

பார்க்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, நானும் உதட்டை மட்டுமே அசைத்திருந்தேன்.