சத்தம் போடுகிறவர்

மூணாற்றில் என் கணவர் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரியில் ஒரு டீமேக்கர் இருக்கிறார். தூள் தயாரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் அவரை ‘சைக்கோ’ என்றுதான் சொல்வோம். இன்று யாரைத் திட்டினார், யாருக்கு லீவு மறுத்தார் என்று கணவர் தினமும் வந்து கொட்டுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த மனிதரைப் பிடிக்காமல் போயிற்று. ஒரு கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

நான் காது, மூக்கு, தொண்டை கிளினிக் ஒன்றில் கவுண்டரில் இருக்கிறேன். ஒருநாள் அந்த டீமேக்கர் அங்கே தனியாக வந்தார். அவர் முறை வந்ததும் கூப்பிட்டேன், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போய்த் தோளைத் தொட்டதும் பதறி எழுந்தார்.

“சத்தமா கூப்பிடக் கூடாதாம்மா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிசோதித்த டாக்டர், காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார். டாக்டர் எழுதிய சீட்டை டீமேக்கர் என் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

“இத மாட்டிக்கிட்டுப் போனா ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

அதையும் சத்தமாகத்தான் சொன்னார்.

அன்று மாலை கணவர், டீமேக்கரின் கத்தல் தாங்காமல் வேலையை விடப்போவதாகச் சொன்னார். கிளினிக் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துவிட்டுக் கடைசியில், டீமேக்கரிடம் பேசும்போது நேராக முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

“அந்தாளுக்கு நீ என்ன வக்காலத்தா?” என்றார்.

ஆனால் செய்து பார்த்திருக்கிறார். கத்தல் குறைந்திருக்கிறது என்று சில நாள் கழித்து மனசில்லாமல் ஒப்புக்கொண்டார். அப்புறம் கணவர் தன் தங்கை வளைகாப்புக்கு லீவு கேட்டபோது, டீமேக்கர் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டே எல்லோர் முன்னாலும் மறுத்துவிட்டார். எனக்கும் கோபம் வந்தது. பழைய பெயரையே மறுபடி வைத்துவிடலாமா? வாய் வரவில்லை. நல்லவர் என்று சொல்லவும் வரவில்லை.

ஒருநாள் கணவர் மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்க ஃபேக்டரிக்குப் போனேன். கொழுந்து அரைக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள்தான் கணவரும் டீமேக்கரும் நாள் முழுக்க நிற்கிறார்கள். அதன் பிறகு வீட்டில் எல்லாமே உறுத்தத் தொடங்கியது. டிவி சத்தம் கூடியிருந்தது. நான் கூப்பிட்டு அவர் பதில் சொல்லாத நேரங்களைக் கோபம் என்றே நினைத்திருந்தேன்.

கட்டாயப்படுத்தி கிளினிக்குக் கூட்டிப்போனேன். அவருக்கும் கேட்கும் திறன் குறையத் தொடங்கியிருந்தது.

“அங்க எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும்” என்றார், ஜீப்பில் திரும்பும்போது.

அவரும் கூட வேலை செய்பவர்களும் மேனேஜரைப் பார்த்து, காதில் வைக்கும் அடைப்பான் கேட்டார்கள். டீமேக்கரையும் அழைத்தார்கள், அவர் வரவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக மேனேஜர் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் ஒரு ஜோடி வாங்கிக் கணவர் சட்டைப் பையில் வைத்தேன். சில நாள் மாட்டிக்கொள்கிறார், சில நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.