யானாயாகு ஓடையைப் பற்றி டெல்மிரா வாசித்தது

எங்கள் ஊரில் விடிவது முதலில் காதுக்குத்தான் தெரியும். ஆற்றின்மேல் மூடுபனி படுத்திருக்கும். படகுத்துறைக் கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து டெல்மிரா தனந்தாவின் குரல் மட்டும் அதற்குள் மிதந்து வரும். யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்தப் படகு வருகிறது, எந்த ஓடையில் தண்ணீர் எப்படி என்பாள். ஒரு ஓடையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை என்றால் அங்கே கேடு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அந்த நம்பிக்கையே வினையாயிற்று. காட்டுக்குள் எண்ணெய்க் குழாய் கசிந்து, யானாயாகு ஓடையில் வானவில் போல ஒரு படலம் மிதந்தது. ஒலிபெருக்கியின் ஜெனரேட்டருக்கு டீசல் தருவதும் அதே எண்ணெய்க் கம்பெனி. அதன் பொறியாளர் எஸ்குதேரோ வந்தார்.

"கசிவுதானான்னு உறுதியாகட்டும்மா. அதுவரைக்கும் ஓடையப் பத்தி வாசிக்க வேணாம்."

டெல்மிரா வாசிக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு ஸோய்லா குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கடி மொண்ட?" என்றாள் டெல்மிரா.

"யானாயாகுலதான். ஏதாச்சும்னா உன் வாய் சும்மா இருக்குமா அக்கா?"

"நாத்தம் அடிக்கலியா?"

"அடிச்சுது. படகு மோட்டார்னு நெனச்சேன். சின்னவன்தான் காலைலேர்ந்து வாந்தி..."

பொய்யைக்கூட எவனாவது சந்தேகப்பட்டிருப்பான். நம்பிய குரலின் மௌனத்தை யார் சந்தேகிப்பார்கள்? கம்பெனி வாங்கியது அந்த மௌனத்தைத்தான். அதுவும் ஒரு பீப்பாய் டீசலுக்கு!

மறுநாள் விடியலில் எஸ்குதேரோ மீண்டும் வந்தார்.

"வாசிச்சா டீசல் நின்னுரும். யோசிங்கம்மா."

"கையில என்ன சார் பாட்டிலு?"

"தண்ணி."

"இத்தன ஓடை ஓடுது, உங்களுக்கு மட்டும் பாட்டிலா?"

டெல்மிரா மைக்கின் சுவிட்சைப் போட்டாள். "யானாயாகுல எண்ணெய் கலந்திருக்கு. யாரும் மொள்ளாதீங்க. நேத்தே சொல்லிருக்கணும். கம்பெனி வேணாம்னுச்சு, நானும் வாய மூடிக்கிட்டேன். ஸோய்லா மவன் ஆஸ்பத்திரில கிடக்கான்."

அன்றே டீசல் நின்றது.

அடுத்த விடியலில் கம்பம் ஊமையாக நின்றது. ஆனால் ஒருத்தியும் எந்த ஓடையிலும் குடத்தை நனைக்கவில்லை. படகுகள் துறையருகே துடுப்பை நிறுத்திக் காத்திருந்தன.

"என்னக்கா, இன்னிக்கு ஒண்ணுமில்லையா?" பனிக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள்.

டெல்மிரா துறையின் நுனிக்கு வந்து வெறும் தொண்டையில் கத்தினாள். முதல் படகு அதை வாங்கி அடுத்த படகுக்குச் சொன்னது, அது அதற்கடுத்ததற்கு. முகம் தெரியாத குரல்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு ஆற்றோடு இறங்கிப் போயின.

வெகுதூரத்தில், கனவில் கேட்பதுபோல, யாரோ ஒரு கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "யானாயாகுல மொள்ளாதீங்க... ஸோய்லா மவன் வாழப்பழக் கஞ்சி குடிச்சானாம்..."