பந்தியில் கேமரா விளக்கு

புதுச் செருப்புப் பெட்டியிலிருந்து ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் விழுந்ததும், இப்போது இடிபட்டுத் தரைமட்டமாகிவிட்ட, செல்லூரில் அப்பா வைத்திருந்த வீடியோக் கடை ஞாபகம் வந்து தொலைத்தது. பக்கத்துத் தறிகளிலிருந்து பறக்கும் பஞ்சு உள்ளே போய் டேப் உரசி ஓடும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று டேப் கேமராவை அம்மாவின் பழைய பட்டுச்சேலையில் சுற்றி, இதே மாதிரிப் பொட்டலங்களைத் தோசைக்கல்லில் காயவைத்து அதனோடு போட்டு வைப்பார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவ்வளவு பார்த்ததில்லை. கல்யாண ஆர்டர் என்றால், அழைப்பே இல்லாத என்னையும் தங்கச்சியையும் தனியாக வரச்சொல்லிப் பந்தியில் உட்காரவைப்பார். இலை இலையாகப் படம் பிடித்துக்கொண்டு வருகிறவர், எங்கள் முன்னால் வந்ததும் கேமராவையும் விளக்கையும் வேறு பக்கம் திருப்பிவிடுவார். பரவையில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, இந்தப் புள்ளைகள மட்டும் விட்டுட்டீக?"

"யாரு வீட்டுப் புள்ளைகளோ தம்பி. டேப்பு வீணாப் போயிரும்" என்றார் அப்பா.

"யாரு புள்ளைகளா இருந்தா என்னண்ணே, சாப்பிடட்டும். ஏப்பா, இங்கிட்டு இன்னொரு வடை வை!"

தங்கச்சி "அப்பா" என்று வாயெடுத்தாள். நான் அவள் தொடையைக் கிள்ளிவிட்டு வடையைத் தின்றேன்.