பதிலுக்கு ஒரு ஓ

இன்று காலை சமையலறையில் உப்புமாவுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து என் மகள் செய்தி அனுப்பியிருந்தாள்: "இன்னா டிபன்?" எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதுவும் இந்த ஜெர்மனி வீட்டுச் சுவர், தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம்தான் வரும். கையெல்லாம் புளி என்பதால் "உப்புமா" என்று வாயாலேயே சொன்னேன். பதில் இல்லை. காதில் எதையாவது மாட்டியிருப்பாள்.

புளி, புதூர்நாட்டுப் பக்கம் மலையிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பியது. அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு இவள் ஆறு வயதில் போட்ட கூச்சல் ஞாபகத்துக்கு வந்துவிடும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். ஜவ்வாது மலைச் சாலையில் வளர்ந்தவளுக்கு நேராகப் போய்ப் பழக்கமில்லை.

கணவருக்கு இங்கே வேலை ஒப்பந்தம் முடிந்துபோய், அடுத்தது கிடைக்கும்வரை ஒரு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தோம். போன வேகத்தில் மகள் ஜெர்மனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூவக் கற்றுக்கொண்டாள். எங்கள் ஊரில் வீடு ஒரு சரிவில், நிலம் எதிர்ச் சரிவில், நடுவில் ஓடை. களி கிண்டியாயிற்று, மாடு சாமைக்குள் இறங்கிவிட்டது, ஜீப் வந்துவிட்டது, எதுவானாலும் கையை வாயருகே குவித்து ஒரு "ஓஓஓய்". அதைவிட முக்கியம் பதில். கூப்பிட்டது யாரையோ இருக்கட்டும், காதில் விழுந்தவர் திருப்பி ஒரு "ஓ" கொடுத்துவிட வேண்டும். வருகிறேன் என்று அதற்குப் பொருளில்லை. இங்கே ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். புளி உலுக்கும் மாதங்களில் மரத்துக்கு மரம் ஆள் ஏறியிருப்பார்கள். இவள் வாசலில் நின்று ஒன்று விட்டால் போதும், மலை முழுக்கப் புளியமரங்கள் பதில் சொல்லும். குழந்தைக்குத் தலைகால் புரியாத பெருமை.

என் கணவர் போளூர் கடைத்தெருவில் வளர்ந்தவர். அங்கே ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுத்தால் முடிந்தது. அவரும் ஆசையாகக் கூவிப் பார்த்தார். குரல் பாதி வழியில் உடைந்து இருமலில் போய் முடிந்தது. அண்ணன் மரியாதை குறையாமல் சொன்னார்: "மாப்ள, நீங்க கூப்ட்டா நம்ம ஆடுகூட திரும்பாதுங்க."

வேலை கிடைத்தது. திரும்பி வந்து இந்த வீட்டின் இரண்டாவது மாடியில் குடியேறினோம். நாங்கள் இருவரும் பெட்டிகளைப் பிரித்து, பாத்திரங்களை அடுக்கி, இங்கத்து முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டோம். மகள் மட்டும் தன் முதுகுப்பையைப் பிரிக்கவில்லை. அது கதவருகிலேயே கிடந்தது. தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்று ஒரு "ஓஓஓய்" விடுவாள். எதிர்க் கட்டடத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும்.

"இன்னாம்மா, இங்க யாருமே இல்லியா?"

"இருக்காங்கடி. எதிர்ல பாரு, எத்தினி வூடு."

"அப்ப ஏன் ஒர்த்தரும் ஓ குடுக்க மாட்டேன்றாங்க? மாமா வூட்டுக்கே போய்டலாம்மா."

அடம்பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். ஆளில்லாத ஊரில் எதற்குக் குடித்தனம் என்று நியாயமாக அல்லவா கேட்டாள். பள்ளியில் வாய் திறக்கவில்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. எங்களோடு விமானத்தில் வந்தவள் இன்னும் வந்து சேரவில்லை.

போதாக்குறைக்குக் கீழ்வீட்டு அம்மாள். தனியாக வசித்தவர். சத்தம் போடக்கூடாத வேளைகளை அச்சடித்து மாடிப்படியில் ஒட்டியவரே அவர்தான். அவரை எதிரில் பார்த்தால் நான் மூச்சுக்கூட மெதுவாக விடுவேன்.

ஒருநாள் மகள் கூவியதும் கீழே எங்கிருந்தோ "ஓ" என்று பதில் வந்தது. சமையலறைக்கு ஓடிவந்தாள்.

"அம்மா, ஒர்த்தர் கீறாரு. பாவம், அவருக்கு சரியா கூவத் தெர்ல."

கடைசியில் வந்த இருமலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். அலுவலகக் கோட்டும் தோளில் பையுமாகக் குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார் என் கணவர். மகளோ பால்கனிக்குத் திரும்பிப்போய், முகம் தெரியாத அந்த மனிதருக்கு நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் இந்தக் கூத்துதான். ஒன்றும் அறியாதவராக மேலே வருவார். "இருமல் மருந்து வாங்கட்டுமா?" என்று கேட்பேன். இன்றுவரை மகளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் பை பிரிந்தபாடில்லை. "ஒர்த்தர் தான கீறாரு. அவரும் ஊருக்குப் போய்ட்டா?" என்றாள்.

அந்த வாரமே அவர் மாட்டிக்கொண்டார். உருளைக்கிழங்குத் தோலைக் கொட்ட வந்த கீழ்வீட்டு அம்மாள், தொட்டிக்குப் பின்னால் வாயில் கைகுவித்த ஒரு ஆளைக் கண்டால் என்ன செய்வார். என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதில் கொடுக்கிறேன் என்றிருக்கிறார் இவர். போனில் பேசக்கூடாதா என்றதற்கு, தன் ஜெர்மனையெல்லாம் திரட்டி, "இங்கே நான் அப்பா இல்லை, ஊர்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டுக்காரரிடம் புகார் போகப்போகிறது என்று முடிவே செய்துவிட்டேன்.

இரண்டொரு நாளில் கணவர் வரும் ரயில் தாமதமானது. மகள் பால்கனியில் நின்று கூவினாள். பதில் இல்லை. மறுபடி கூவினாள். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். மூன்றாவது கூவல் அழுகையில் வந்து முட்டியது.

அப்போது கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. தடித்த, வயதான, கொஞ்சமும் உடையாத ஒரு குரல் "ஓஓஓ" என்றது. எங்கள் மலையில் வைத்தால்கூட யாரும் குறை சொல்ல முடியாது.

மகள் அசையாமல் கேட்டாள். பிறகு "இது வேற ஆளு" என்றாள். உள்ளே வந்து பையைக் கவிழ்த்தாள். ஒற்றைச் செருப்பும் பூஞ்சை பிடித்த பலாக்கொட்டைகளும் உருண்டன. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். அந்த அம்மாள் இதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. படியில் ஒட்டிய காகிதமும் அப்படியே இருந்தது.

அந்த அம்மாள் தன் மகன் இருக்கும் ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது. அந்த வீடு பூட்டியே கிடக்கிறது. மலையில் டவர் வந்துவிட்டது. எதிர்ச் சரிவில் நிற்கும் அண்ணியை அண்ணன் போனில்தான் கூப்பிடுகிறார். கணவருக்கு இருமலே இல்லை.

உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, பால்கனிக் கதவைத் திறந்து, கையைக் குவித்து, பல வருடம் கழித்து முழுசாக ஒன்று விட்டேன். புறா ஒன்று எழுந்து பறந்தது. ஜன்னல்கள் சும்மா இருந்தன.

போன் அதிர்ந்தது.

"மெதுவாம்மா. இங்க ஆளுங்க கீறாங்க."